அடங்காப் புரவியும் அனுபவக் கரங்களும்

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில், கல்யாண மஹாலுக்கு அருகே வளைவு வளைவாக வரிசைகொண்டு நிற்கும் குதிரை லாயங்களைக் காணுந்தோறும், எவருக்கும் அடங்காத பாராசாரிக் குதிரையை டில்லி பாதுஷாவின் முன்னிலையில் அடக்கி ஏறியவன் என்று கதைப்பாடல் போற்றும் தேசிங்கு ராஜனே என் நினைவில் எழுகின்றான். 1714-ஆம் ஆண்டுப் போரில் இளமையிலேயே மாண்ட அவனை, வேகத்தை வசப்படுத்திய அந்த வித்தையின் பொருட்டே இவ்வூரார் இன்றும் மறவாதிருக்கின்றனர்.

அவ்வித்தையை நம் காலத்தில் இயந்திரப் புரவியின்மீது சாதித்தவர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். தென்னிந்திய ராலியில் ஏழு முறை வாகை சூடிய ஜி. ஆர். கார்த்திகேயனின் புதல்வராகிய அவர், 1994-ல் இங்கிலாந்தின் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரையும், 1996-ல் ஃபார்முலா ஆசியா பட்டத்தையும் வென்று, 2005-ல் ஜோர்டன் அணியின் சாரதியாக மெல்போர்னில் களமிறங்கி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்னும் கீர்த்தியை எய்தினார். அவ்வாண்டு இண்டியானாபொலிஸில், டயர்களின் உறுதியில் ஐயம் எழுந்து பதினான்கு கார்கள் விலகிக்கொள்ள, எஞ்சிய ஆறனுள் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். 2010-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

ஆயினும், அவரது சரித்திரத்தில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த அத்தியாயம் இதற்கெல்லாம் பிந்தியது. கூரையும் கதவும் உடையதாய், வீதியில் ஓடும் காரின் சாயலிலேயே அமைந்த பந்தயக் கார்களின் உலகினுள், ஜப்பானின் சூப்பர் ஜிடி தொடரின் வாயிலாக 2019-ல் அவர் புகுந்தார். அங்கே ஒரு காரை இருவர் பகிர்ந்து ஓட்டுவர். தமக்கு அடுத்து ஏறுபவரிடம் அதனைச் சிதைவின்றி ஒப்படைப்பதும் சாரதியின் தர்மம். அத்தர்மத்தைத் தம்மினும் இருபது வயது இளையவரான தடாசுகே மகினோவுடன் அவர் பயின்றார். அவ்வாண்டு நவம்பர் 24 அன்று, ஃபூஜி மலையடிவாரக் களத்தில், ஜெர்மனியின் டிடிஎம் டூரிங் கார் வீரர்களும் ஜப்பானிய வீரர்களும் ஒருங்கே மோதிய பந்தயத்தில், ஹோண்டா காரைத் தனித்துச் செலுத்தி முதலிடம் பெற்றபோது அவருக்கு வயது 42.

முதல் கோப்பைக்கும் ஃபூஜி வெற்றிக்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள்! தேசிங்கின் புகழ் ஒரு யௌவனத்துள் மலர்ந்து முடிந்தது. நரேனின் புகழோ கால் நூற்றாண்டுப் பொறுமையில் கனிந்தது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் நம் சாலையில் வண்டியைச் சீறவிடும் இளைஞர்கள், வேகத்திற்கு உரிய இடம் பந்தயக் களமே என்பதையும், அக்களத்திலும் வெற்றி நெடுங்காலப் பயிற்சிக்கே வசமாகும் என்பதையும் உணர்வாராயின், இந்த லாயங்களின் முன் சற்றே வண்டியை நிறுத்திச் செல்வார்கள்.