ஒரே பெட்டிக்குள் ஒரு கணினி

நுழையும்முன்

புதிய பொருள் ஒன்று சந்தைக்கு வந்தவுடன் சிலர் அதைப் புகழ்கின்றனர். சிலர் குறை கூறுகின்றனர். இரு சாராரும் பார்ப்பது ஒரே பொருளைத்தான். அவ்வாறிருக்கக் கருத்துகள் மாறுபடுவது ஏன்? 1998ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மேசைக்கணினியின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

கடையில் ஐவர்

நவி மும்பையின் வாஷிப் பகுதியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் கணினி வாங்கச் செல்வதாகக் கொள்வோம். தந்தை வாஷியின் மொத்த விற்பனைச் சந்தையில் கணக்கர். வீடு இரண்டு அறைகளைக் கொண்டது. கடையில், திரைக்குப் பின்னாலேயே எல்லா உறுப்புகளும் அடங்கிய புதுவகைக் கணினி ஒன்று பளபளக்கிறது.

மகன் அதன் வேகத்தைக் கேட்கிறான். சிறிய மகள் அதன் நிறத்தைக் கண்டு மகிழ்கிறாள். தாய், "கம்பிகள் குறைவு; சிறிய மேசையே போதும்" என்கிறார். தந்தை, "ஓர் உறுப்பு பழுதானால் முழுவதையும் மாற்ற வேண்டுமோ?" என்று ஐயுறுகிறார். திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் ஆச்சி மட்டும், "இதில் தமிழில் எழுத முடியுமா?" என்று வினவுகிறார்.

ஐவரும் ஒரே பொருளைத்தான் பார்க்கின்றனர். ஆயினும் ஒவ்வொருவரும் தம் தேவையைக் கொண்டே அதனை அளக்கின்றனர். 1998இல் உலகெங்கும் நிகழ்ந்ததும் இதுவே.

பெட்டி ஒன்றா, பலவா?

வழக்கமான மேசைக்கணினியில் திரை தனி. கணிக்கும் உறுப்புகள் அடங்கிய பெட்டி தனி. இரண்டையும் கம்பிகள் இணைக்கின்றன. திரை கெட்டால் திரையை மட்டும் மாற்றலாம். நினைவகம் போதாவிடில் பெட்டியைத் திறந்து கூட்டலாம்.

அனைத்தும் ஒன்றான மேசைக்கணினியில் மின்வழங்கி, மூலப்பலகை, வன்தட்டு, ஒலிபெருக்கி ஆகியவை திரையுடன் ஒரே கூட்டுக்குள் அமைந்துள்ளன. இடமும் கம்பியும் மிச்சமாகின்றன. அமைத்து இயக்குவதும் எளிது. ஆனால் உறுப்புகள் நெருக்கமாக இருப்பதால் அவற்றைப் பிரித்துப் பழுது பார்ப்பது கடினம். எளிமையும் இடர்ப்பாடும் ஒரே அமைப்பிலிருந்தே பிறக்கின்றன.

ஆப்பிள் நிறுவனம் இத்தகைய கணினி ஒன்றை 1984 சனவரி 24 அன்றே வெளியிட்டது. அதன் பெயர் மெக்கின்டோஷ். சுட்டியால் படங்களைத் தொட்டு இயக்கும் முறையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்ற கணினிகளுள் அது முதன்மையானது. சிலர் அதனை எதிர்காலக் கணினி என்றனர். வேறு சிலர் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கினர். 128 கிலோபைட் நினைவகம் போதாது என்ற குறை பரவலாக எழுந்தது. அதே ஆண்டிலேயே 512 கிலோபைட் நினைவகம் கொண்ட வடிவம் வெளிவந்தது.

நீல நிறக் கணினி

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 1997இல் ஆப்பிள் நிறுவனம் பெரும் இழப்பில் தத்தளித்தது. தாம் தொடங்கிய நிறுவனத்திற்கே அவ்வாண்டில் மீண்டும் திரும்பிய ஸ்டீவ் ஜாப்ஸ், 1998 மே 6 அன்று ஒரு புதிய கணினியை அறிமுகப்படுத்தினார். ஜோனதன் ஐவ் தலைமையிலான குழு வடிவமைத்த அதன் பெயர் ஐமேக். அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்த நாள் 1998 ஆகஸ்டு 15. விலை 1,299 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் அது 50,000 ரூபாயைத் தாண்டும்.

அக்காலக் கணினிகள் பெரும்பாலும் சாம்பல் அல்லது மங்கிய வெண்மை நிறத்தில் இருந்தன. ஐமேக்கோ, ஆஸ்திரேலியாவின் பாண்டை கடற்கரையை நினைவூட்டும் நீலப்பச்சை நிறத்தில், உள்ளுறுப்புகள் மங்கலாகத் தெரியும் கூட்டுடன் வந்தது. திரை 15 அங்குலம். நினைவகம் 32 மெகாபைட். வன்தட்டு 4 கிகாபைட். தூக்குவதற்கு மேலே ஒரு கைப்பிடியும் இருந்தது. இன்று 4 கிகாபைட் நினைவகம் கொண்ட ஒரு கைப்பேசி, அக்கணினியைப் போல் 128 மடங்கு நினைவகத்தைத் தாங்குகிறது.

முதல் ஆறு வாரங்களில் 2,78,000 ஐமேக் கணினிகள் விற்றன. அவற்றை வாங்கியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், அதற்கு முன் கணினியே வாங்காதவர்கள். எனினும் குறைகளும் வரிசையாக எழுந்தன. அக்குறைகளை மூவகையாகப் பிரித்துக் காணலாம்.

முதல்வகை: திருத்தப்பட்ட குறைகள்

அறிமுகத்தின்போது ஐமேக்கில் இணையத்துடன் இணைக்கும் மோடத்தின் வேகம் நொடிக்கு 33.6 கிலோபிட் என அறிவிக்கப்பட்டது. இணையத்திற்கென்றே உருவான கணினிக்கு இவ்வேகம் போதாது என்று பலர் கூறினர். விற்பனை தொடங்கும் முன்பே அது 56 கிலோபிட்டாக உயர்த்தப்பட்டது.

இதன் சுட்டி வட்ட வடிவில் இருந்தது. பார்வைக்கு அழகாயினும், கையில் பிடித்தபோது அதன் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று விரல்களுக்குத் தெரியவில்லை. குறை கூறியோர் பலர். 2000ஆம் ஆண்டில் நீள்வட்டச் சுட்டி அதன் இடத்தைப் பிடித்தது. பயன்படுத்திப் பார்த்தவர் கூறும் தெளிவான குறை, பொருளைச் செம்மையாக்குகிறது என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள்.

இரண்டாம்வகை: காலம் விடையளித்த குறைகள்

ஐமேக்கில் நெகிழ்வட்டு செலுத்தும் இடமே இல்லை. அன்று கோப்புகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லப் பெரும்பாலோர் 1.44 மெகாபைட் கொள்ளளவுள்ள நெகிழ்வட்டையே நம்பியிருந்தனர். ஆகவே இதுவே மிகப் பெரிய குறையாகப் பேசப்பட்டது. பழைய வகை இணைப்புத் துளைகளும் நீக்கப்பட்டு, இரண்டு யூஎஸ்பி துளைகளே தரப்பட்டன. பழைய அச்சுப்பொறி வைத்திருந்தோர் கலங்கினர்.

இக்குறையை யார் கூறினர் என்பதைக் கவனிக்க வேண்டும். மேசை அறையில் நெகிழ்வட்டுகளை அடுக்கி வைத்திருந்தவர்க்கு அது பேரிழப்பு. முதன்முறையாகக் கணினி வாங்கியவரிடம் பழைய வட்டும் இல்லை. பழைய அச்சுப்பொறியும் இல்லை. எனவே இழப்பும் இல்லை.

வாழும் ஊரும் கருத்தை மாற்றும். கோப்புகள் இனி இணையத்தின் வழியே செல்லும் என்பது ஆப்பிளின் கணிப்பு. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கப்பட்டதே 1995 ஆகஸ்டு 15 முதல்தான். அதன்பின்னும் சில ஆண்டுகள் இணைப்புள்ள இல்லங்கள் மிகக் குறைவு. ஒரு நெகிழ்வட்டில் அடங்கும் கோப்பை 33.6 கிலோபிட் வேகத்தில் அனுப்ப, தடையே இல்லாவிடினும், ஏறத்தாழ ஆறு நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் தொலைபேசிக் கட்டணம் ஏறும். வட்டைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு புறநகர் ரயில் ஏறுவதே அன்றைய மும்பைவாசிக்கு எளிது. கலிபோர்னியாவில் துணிவாகத் தோன்றிய முடிவு, வாஷியில் அவசரமாகத் தோன்றியிருக்கும்.

காலப்போக்கில் கணிப்பு பலித்தது. யூஎஸ்பி இணைப்பு எங்கும் பரவியது. 2000ஆம் ஆண்டில் விரல் அளவு யூஎஸ்பி நினைவகங்கள் விற்பனைக்கு வந்தன. 2011இல் சோனி நிறுவனம் ஜப்பானில் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்தியது. அதற்காக, 1998இல் குறை கூறியோர் அறியாதவர் என்று முடிவு செய்தல் கூடாது. அவர்களுடைய அன்றைய தேவை உண்மையானது. அது பின்னர் மறைந்தது.

மூன்றாம்வகை: இன்றும் நிற்கும் குறைகள்

"ஓர் உறுப்பு பழுதானால் என்ன செய்வது?" என்பது கடையில் தந்தை கேட்ட வினா. இதற்குக் காலமும் விடையளிக்கவில்லை. ஐமேக்கின் பின்வந்த வடிவங்கள் மேலும் மெலிந்தன. 2021இல் வெளிவந்த ஐமேக் ஏழு வண்ணங்களில், 11.5 மில்லிமீட்டர் தடிமனில் அமைந்தது. வண்ணங்களையும் மெலிவையும் பலர் புகழ்ந்தனர். திரைக்குக் கீழுள்ள அகன்ற பட்டை அழகைக் கெடுக்கிறது என்று சிலர் குறை கூறினர். நினைவகத்தை வாங்கிய பின் கூட்ட இயலாது என்பதும் குறையாகக் கூறப்பட்டது. பட்டை பற்றியது சுவையைச் சார்ந்தது. நினைவகம் பற்றியதோ, ஒரு கணினியை எத்தனை ஆண்டுகள் பயன்படுத்தலாம் என்பதைச் சார்ந்தது. சிறுகச் சிறுகச் சேமித்துக் கணினி வாங்கும் குடும்பத்திற்கு இரண்டாவது வினாவே பெரிது.

ஆச்சியின் வினா

திறனாய்வாளர்கள் வேகத்தைப் பேசினர், நிறத்தைப் பேசினர், நெகிழ்வட்டைப் பேசினர். "இதில் தமிழில் எழுத முடியுமா?" என்பது அவர்களுடைய வினாப் பட்டியலில் இல்லை. அவர்கள் தமிழர் அல்லர். அத்தேவை அவர்களுக்கு இல்லை.

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. 1990களில் தமிழ் எழுத்துரு உருவாக்கிய ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எழுத்துகளுக்கு எண் அளித்தனர். எனவே ஓர் எழுத்துருவில் எழுதிய மடல், அதே எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றியது. பேரப்பிள்ளை "அன்புள்ள ஆச்சி" என்று எழுதி அனுப்பினாலும் அதை அங்கே எவரும் படிக்க இயலாது. எவ்வளவு விலையுயர்ந்த கணினியாயினும் இந்நிலை மாறவில்லை.

இத்தடையை நீக்க உழைத்தவர்களுள் பலர் தமிழகத்திற்கு வெளியே வாழ்ந்த தமிழர்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' மென்பொருளை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாக வழங்கினார். ஐமேக் வெளிவந்த அதே 1998இல், பொங்கல் நாளில், பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டமும் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' விசைப்பலகை பொதுமுறையாக அமைந்தது.

உலக எழுத்துகள் அனைத்திற்கும் பொதுவான எண் வழங்கும் ஒருங்குறியில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. அதில் 'அ' என்னும் எழுத்தின் எண் 2949. 2000ஆம் ஆண்டுக்குப் பின் கணினிகள் இம்முறையைப் பரவலாக ஏற்றன. முத்து நெடுமாறன் உருவாக்கிய 'இணைமதி' எழுத்துரு மெக் கணினிகளுடனேயே வந்தது. வாஷியில் தட்டும் 'அ', திருநெல்வேலியிலும் 'அ'வாகவே தெரியும் நிலை உருவாயிற்று.

அயலூரில் வாழ்பவர்க்குத்தான் தாய்மொழி மடலின் தேவை மிகுதி. அத்தேவையை உணர்ந்தவர்கள் பிறர் கேட்கும்வரை காத்திராமல் தாமே வினவினர்; தாமே விடையும் தேடினர்.

முடிவாக

புதிய பொருளைப் பற்றிய புகழுரை பொய்யன்று, குறையும் பொய்யன்று. ஒவ்வொரு கருத்தின் பின்னும் ஒரு தேவை இருக்கிறது. கூறியவர் யார், அவர் தேவை யாது, நம் தேவை யாது என்று ஆராய்ந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும். அனைவரும் கேட்கும் வினாக்களுடன், எவரும் கேட்காத நம் வினாவையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். கடையில் ஆச்சி செய்தது அதுவே.

சொற்பொருள்

கூடு – மேலுறை
சுட்டி – கணினியை இயக்கக் கையால் நகர்த்தும் கருவி
நெகிழ்வட்டு – பிளாப்பி
வன்தட்டு – கோப்புகளை நிலையாகச் சேமிக்கும் உறுப்பு
எழுத்துரு – எழுத்துகளின் வடிவத் தொகுப்பு
ஒருங்குறி – யூனிகோடு
திறனாய்வாளர் – நிறைகுறைகளை ஆராய்ந்து கூறுபவர்

பயிற்சி

1. ஐமேக்கின் மீது கூறப்பட்ட குறைகளை மூவகையாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் ஓர் எடுத்துக்காட்டு எழுதுக.
2. நெகிழ்வட்டு இல்லாமை முதன்முறை வாங்கியவர்க்குக் குறையாகத் தோன்றாதது ஏன்?
3. 1990களில் தமிழ் மடல் மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியதன் காரணம் யாது?
4. பிரித்து எழுதுக: மேசைக்கணினி, விசைப்பலகை, பழந்தமிழ்.
5. உங்கள் வீட்டில் அண்மையில் வாங்கிய ஒரு பொருளைப் பற்றி வீட்டார் ஒவ்வொருவரும் கூறிய கருத்தைக் கேட்டு எழுதுக. அவர்கள் கேட்க மறந்த வினா ஏதேனும் உண்டா?
6. ஊரிலுள்ள உங்கள் உறவினர் ஒருவருக்குக் கணினியிலோ கைப்பேசியிலோ தமிழில் ஐந்து வரி மடல் தட்டச்சு செய்து அனுப்புக.