"இதுல ரூவா எங்க கண்ணு இருக்குது?" - அப்பிச்சியின் கேள்வியும், நம் போனில் ஓடும் டிரேடிங் சார்ட்டும்!

போன பொங்கல் லீவுக்கு ஈரோடு பக்கம் இருக்கும் அம்மாவின் ஊருக்குப் போயிருந்தேன். அப்பிச்சிக்கு எண்பதை நெருங்கும் வயது. காலமெல்லாம் மஞ்சள் விவசாயம்தான். திண்ணையில் உட்கார்ந்து நான் போனையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தவர், "என்ன கண்ணு அது, பச்சையும் செவப்புமா குச்சி குச்சியா நிக்குது?" என்றார்.

"மஞ்சள் வெலைங்க அப்பிச்சி" என்று பெருமையாகக் காட்டினேன். முன்பேரச் சந்தையில் மஞ்சளின் கேண்டில் சார்ட் அது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"இது எந்த ஊரு வெலை?"

தேடினேன். திரையில் ஊர்ப் பெயர் இல்லை.

"விரலியா, கெழங்கா?"

அதுவும் இல்லை.

"செரி, வெலை ஏறியிருக்குதுங்கற. இதுல ரூவா எங்க கண்ணு இருக்குது?"

சிரித்துச் சமாளித்தேன். ஊர் திரும்பிய பிறகுதான் விவரம் தேடிப் பார்த்தேன். என்.சி.டி.இ.எக்ஸ் சந்தையின் மஞ்சள் ஒப்பந்தம் விரலி மஞ்சளுக்கானது. தெலங்கானாவின் நிஜாமாபாத்தை மையமாக வைத்தது. ஈரோட்டில் அப்பிச்சியின் மூட்டைக்குக் கிடைக்கும் விலை வேறு. அவர் கேட்ட மூன்று கேள்விக்கும் அந்தத் திரையில் பதில் இல்லை. ஆனால், 'வாங்கு', 'விற்பனை செய்' என்ற இரண்டு பட்டன்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

திருச்சி ரோட்டிலிருந்து பாக்கெட்டுக்கு

கோவைக்கென்று ஒரு பங்குச்சந்தை இருந்தது இன்றைய இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. 1991-ல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர் பங்குச்சந்தை, திருச்சி ரோட்டில் சொந்தக் கட்டடத்தோடு இயங்கியது. 1994-ல் தேசியப் பங்குச்சந்தை கம்ப்யூட்டர் திரை வழியாக நாடு முழுக்க வர்த்தகத்தைக் கொண்டுவந்ததும், ஊர்ச் சந்தைகளின் வேலை குறைந்துகொண்டே போனது. ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் வர்த்தகம் இல்லாத சந்தைகள் வெளியேற 2012-ல் செபி வழிவகுத்தது. 2013-ல் கோவை சந்தையும் விடைபெற்றது.

அன்று பங்கு வாங்க வேண்டுமென்றால் புரோக்கர் ஆபீஸுக்குப் போக வேண்டும். போனால், "இப்ப வேண்டாமுங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொல்ல எதிரே ஓர் ஆள் இருப்பார். அந்த ஆளின் இடத்தில் இன்று ஒரு திரை இருக்கிறது. அதனால், அந்தத் திரையை எப்படி வடிவமைக்கிறார்கள் என்பது ஐ.டி துறையினருக்கான விஷயம் மட்டும் அல்ல. நம் வீட்டுச் சேமிப்பைத் தொடும் விஷயம்.

கேண்டிலை மண்டியில் படிப்போம்

அரிசி வியாபாரத்தில் பிறந்தது கேண்டில் சார்ட். 18-ம் நூற்றாண்டில் ஜப்பானின் சகாட்டா நகரில் வாழ்ந்த அரிசி வணிகர் ஹொம்மா முனேஹிசாவின் பெயரை இதோடு சேர்த்துச் சொல்வது மரபு. ஆங்கில உலகத்துக்கு இதைப் பரவலாக அறிமுகப்படுத்திய ஸ்டீவ் நிசனின் புத்தகம் வெளிவந்ததும், கோவை சந்தை பிறந்த அதே 1991-ல்தான்.

மஞ்சள் மண்டியை நினைத்துக்கொண்டால் இது எளிது. காலையில் கேட்ட முதல் விலை, அன்றைய உச்ச விலை, அடிமட்ட விலை, கடைசியாக முடிந்த விலை... இந்த நான்கும் சேர்ந்ததுதான் ஒரு கேண்டில். முதல் விலைக்கும் கடைசி விலைக்கும் நடுவே இருப்பது தடித்த உடல். அதற்கு மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுகள் உச்சத்தையும் அடிமட்டத்தையும் காட்டும். முதல் விலையைவிடக் கடைசி விலை கூடியிருந்தால் பச்சை, குறைந்திருந்தால் சிவப்பு.

இவ்வளவுதான் விஷயம். நான்கு எண்களை ஒரே குச்சியில் அடக்கிய அருமையான வடிவமைப்பு. சிக்கல் கேண்டிலில் இல்லை. அதை ஆறு அங்குலத் திரையில் எப்படி விரிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஒரு சதவிகிதம் மலையாகும் மாயம்

காலையிலிருந்து 498 ரூபாய்க்கும் 503 ரூபாய்க்கும் நடுவே ஆடும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். மொத்த ஆட்டமே ஒரு சதவிகிதம்தான். ஆனால் பல சார்ட்டுகள், திரை முழுக்க நிரம்பும்படி அளவுகோலைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். 5 ரூபாய் இறக்கம் உச்சிப் பாறையிலிருந்து விழுவதைப்போலத் தெரியும். அதே பங்கை ஒரு வருட சார்ட்டில் பாருங்கள். அந்த 'பாதாளம்' கண்ணுக்கே தெரியாது.

அடுத்தது நேரம். பங்குச்சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை, அதாவது 375 நிமிடங்கள் நடக்கிறது. ஐந்து நிமிட சார்ட் வைத்தால் ஒரே நாளில் 75 கேண்டில்கள். ஒரு நிமிட சார்ட் என்றால் 375. ஒவ்வொரு புதுக் கேண்டிலும் 'ஏதாவது செய்' என்று நம்மைச் சீண்டும். பத்து வருடத்துக்கு முதலீடு செய்ய வந்தவருக்கு இந்த 375 சீண்டல்களால் என்ன பயன்?

மூன்றாவது, நிறம். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத நிறக்குறைபாடு பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். அவர்களுக்கு இந்த சார்ட் முழுக்க ஒரே மாதிரி தெரியலாம். போதாததற்கு, ஜப்பானிலும் சீனாவிலும் ஏற்றத்துக்குச் சிவப்பு என்பதே வழக்கம்! ஏற்றத்தைக் கூடாகவும் இறக்கத்தை நிரப்பியும் காட்டினால், நிறமே இல்லாமல் படிக்கலாம். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும் விதத்தில் டிஜிட்டல் தளங்களை அமைக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் செபி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. சார்ட்டுகளுக்கும் அது நல்லது செய்யட்டும்.

திரையில் 2%, பாக்கெட்டில் 10%

எனக்கு உறைத்த பாடம் இது. டே டிரேடிங்கில் பங்குகளுக்கு அதிகபட்சம் ஐந்து மடங்கு வரை கடன் பலம் கிடைக்கும். கையில் 20,000 ரூபாய் இருந்தால் 1 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கலாம். அந்தப் பங்கு 500-லிருந்து 490-க்கு இறங்குகிறது. சார்ட் காட்டுவது 2 சதவிகித இறக்கம். நம்மிடம் இருப்பதோ 200 பங்கு. நஷ்டம் 2,000 ரூபாய். சொந்தப் பணமான 20,000-ல் அது 10 சதவிகிதம். சார்ட் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சந்தையின் கணக்கைச் சொல்கிறது, நம் கணக்கைச் சொல்லவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு ஆப்பில் கணக்குத் தொடங்கினேன். ஐந்து நிமிட சார்ட், அதன் மேல் நான்கைந்து இண்டிகேட்டர்கள். பார்க்க விமானி அறை மாதிரி இருந்தது. சிவப்பு வந்தால் பயந்து விற்பது, பச்சை வந்தால் அவசரமாக வாங்குவது என்று ஒரு மாதம் ஓடியது. மாத முடிவில் திரையில் 640 ரூபாய் லாபம், பச்சை நிறத்தில். சந்தோஷமாக இருந்தேன். பிறகுதான் மெயிலில் வந்து குவிந்திருந்த கான்ட்ராக்ட் நோட்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். புரோக்கரேஜ், எஸ்.டி.டி, ஜி.எஸ்.டி, முத்திரைக் கட்டணம் எல்லாம் போக, உண்மையில் நான் இருந்தது நஷ்டத்தில்!

நான் தொலைத்தது சில நூறு ரூபாய். எல்லோருக்கும் இப்படிச் சிறிய தொகையோடு முடிவதில்லை. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்து செபி வெளியிட்ட அறிக்கையின்படி, எஃப் அண்டு ஓ எனப்படும் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவிகிதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். 2024 நிதியாண்டில் ஒருவர் சராசரியாகக் கட்டணத்துக்கு மட்டுமே 26,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். அந்த ஆண்டு இதில் இறங்கியவர்களில் 43 சதவிகிதம் பேர் 30 வயதுக்குக் குறைந்தவர்கள். என் வயசுக்காரர்கள்!

திரை தவறினால் என்ன ஆகும்?

2020 ஜூனில் அமெரிக்காவில் நடந்ததைக் கேட்டால் மனம் கனக்கும். ராபின்ஹுட் என்ற ஆப்பில் ஆப்ஷன்ஸ் வர்த்தகம் செய்துவந்த 20 வயது மாணவர், தன் கணக்கில் மைனஸ் 7,30,000 டாலர் காட்டுவதைப் பார்த்து, அவ்வளவு கடனில் விழுந்துவிட்டதாக எண்ணி உயிரை விட்டார். அந்த எண், அவர் உண்மையில் கட்ட வேண்டிய கடன் அல்ல, வர்த்தகத்தின் மறுபாதி கணக்கில் சேரும் முன் தெரிந்த தற்காலிகத் தொகை என்றார்கள் குடும்பத்தினர். தவறான தகவல்களை வாடிக்கையாளர்களுக்குக் காட்டியது உள்ளிட்ட குறைகளுக்காக 2021-ல் அந்த நிறுவனம் அபராதமும் இழப்பீடுமாகச் சுமார் 7 கோடி டாலர் கட்ட உத்தரவானது. வர்த்தகம் செய்ததும் திரையில் வண்ணக் காகிதங்கள் பறக்கும் கொண்டாட்ட அனிமேஷனையும் அதே ஆண்டு அது நீக்கியது.

(பண நெருக்கடியால் மனம் உடைந்து போயிருந்தால் தனியாகச் சுமக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.)

நம் ஊரிலும் திரையை வைத்தே எச்சரிக்கும் முயற்சி நடக்கிறது. 2023 ஜூலை முதல், 'எஃப் அண்டு ஓ-வில் 10 பேரில் 9 பேருக்கு நஷ்டம்' என்ற எச்சரிக்கையை லாகின் செய்யும்போதே புரோக்கர் ஆப்கள் காட்ட வேண்டும். அதைப் படித்ததாக நாம் ஒப்புக்கொண்டால்தான் உள்ளே போக முடியும். பெங்களூருவின் ஜெரோதா, ஆபத்தான ஆர்டரைப் போடும் முன் எச்சரிக்கும் 'நட்ஜ்', வர்த்தகத்தை நாமே நமக்குப் பூட்டிக்கொள்ளும் 'கில் ஸ்விட்ச்' வசதிகளை வைத்திருக்கிறது. நல்ல வடிவமைப்பு என்பது வேகமாகப் போக வழிவிடுவது மட்டும் இல்லை. தேவையான இடத்தில் வேகத்தடை போடுவதும்தான்.

கோவையிலேயே இருக்கிறது ஒரு நல்ல உதாரணம்

கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உள்நாட்டு மற்றும் ஏற்றுமதி சந்தை தகவல் மையம், மஞ்சள் உள்ளிட்ட விளைபொருள்களுக்கு விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் பல ஆண்டு விலைகளை ஆராய்ந்து, 'அறுவடையின்போது விலை இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை இருக்கலாம்' என்று ரூபாயில், தமிழில் சொல்கிறார்கள். எந்த ஊர் விலை, எந்தப் பொருள், எந்தக் காலம், எவ்வளவு ரூபாய்... எல்லாம் அதில் உண்டு. ஒரே எண்ணைச் சொல்லி ஆசை காட்டாமல், 'இதிலிருந்து இது வரை' என்பதுதான் அதன் அழகு. அலங்காரம் எதுவும் இல்லாவிட்டாலும் அப்பிச்சியின் கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கிறது.

டாலர் மதிப்பைப் பார்க்கும் திருப்பூர் ஏற்றுமதியாளர், முட்டை விலையைக் கவனிக்கும் நாமக்கல் பண்ணைக்காரர், பஞ்சு விலையைத் தொடரும் கோவை மில்காரர் என, விலையைப் படித்தே பிழைக்கும் மண் இது. இவர்களுக்குப் புரியும்படி ஒரு சார்ட் செய்தால், அது எந்த ஊரிலும் ஓடும்.

உங்கள் போனில் இன்றே செய்ய 5 விஷயங்கள்

1. காலத்தை நீட்டுங்கள்: ஒரு பங்கைப் பார்த்ததும் முதலில் ஐந்து வருட சார்ட், அடுத்து ஒரு வருடம், கடைசியாகத்தான் ஒரு நாள்.

2. அளவுகோலைப் படியுங்கள்: ஓரத்தில் இருக்கும் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பாருங்கள். இரண்டுக்கும் எத்தனை சதவிகித வித்தியாசம் என்று கணக்குப் போட்ட பிறகு பயப்படலாம்.

3. நீண்டகால சார்ட்டுக்கு 'லாக்' அளவுகோல்: சாதாரண அளவுகோலில் 100-லிருந்து 200 ஆவதும், 1,000-லிருந்து 1,100 ஆவதும் ஒரே உயரம். முதலாவது இரட்டிப்பு, இரண்டாவது வெறும் 10 சதவிகிதம். செட்டிங்ஸில் 'லாக்' என்று மாற்றினால் வித்தியாசம் தெரியும்.

4. இண்டிகேட்டர்களைக் கழற்றுங்கள்: மூவிங் ஆவரேஜ் என்பது கடந்துபோன விலைகளின் சராசரி, ஜோசியம் அல்ல. என்ன என்று நம் தமிழில் விளக்கத் தெரியாத எந்தக் கோடும் திரையில் வேண்டாம்.

5. ஆர்டருக்கு முன் ஒரு வரி எழுதுங்கள்: 'தப்பாகப் போனால் எனக்கு எத்தனை ரூபாய் போகும்?' அந்த எண்ணை எழுத முடியாவிட்டால், அன்று அந்த ஆர்டர் வேண்டாம்.

டைரியின் கடைசிக் கட்டம்

ஊரிலிருந்து கிளம்பும் முன் அப்பிச்சி தன் பழைய டைரிகளை எடுத்துக் காட்டினார். தேதி, விரலி அல்லது கிழங்கு, எத்தனை மூட்டை, என்ன விலை என்று நீலப் பேனாவில் கட்டம் கட்டமாக எழுதியிருந்தார். 2010-ஐ ஒட்டி ஈரோட்டில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012-ல் 5,000 ரூபாய்க்கும் கீழே விழுந்த கதை அந்தப் பக்கங்களில் இருந்தது. எந்தச் சிவப்பும் பச்சையும் இல்லாமலே புரிந்தது.

ஒவ்வொரு வரியிலும் கடைசிக் கட்டத்துக்கு அவர் வைத்திருந்த தலைப்பு, 'கைக்கு வந்தது'. வண்டி வாடகை, கூலி எல்லாம் கழித்த பிறகு மிஞ்சிய தொகை.

"வெலை ஊருக்குங் கண்ணு, இதுதான் நமக்கு" என்றார்.

ஆயிரம் வசதிகள் உள்ள என் ஆப்பில் அந்த ஒரு கட்டம் இல்லை. இப்போது நான் ஒரு சின்ன நோட்டு வாங்கியிருக்கிறேன். வாங்கினாலும் விற்றாலும் ஒரு வரி எழுதுகிறேன். கடைசிக் கட்டத்தின் தலைப்பு மட்டும் அப்பிச்சியிடமிருந்து எடுத்தது.

உங்கள் ஆப்பைத் திறந்து பாருங்கள். 'கைக்கு வந்தது' எங்கே இருக்கிறது?