நாற்காலியை விட்டுக்கொடுத்தவர்

கச்சிபௌலிக்கு மாற்றலாகி வந்த புதிதில், விடியற்காலை நடைப்பயிற்சியின்போது ஒரு காட்சி நாள்தோறும் கண்ணில் படும். இரவுப் பணி முடித்த மென்பொருள் பொறியாளர்கள் கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து வீடு திரும்பும் அதே வேளையில், தோளில் மட்டைப் பையுடன் சிறுவர் சிறுமியர் கோபிசந்த் பேட்மிண்டன் பயிற்சியகத்தை நோக்கிச் சென்றுகொண்டிருப்பர். அலுவலகத் தலைமைக்குத் தேவையான ஒரு பாடத்தை நான் கற்றது அந்தக் கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து அன்று. இந்தப் பயிற்சியகத்தின் கதையிலிருந்துதான்.

புல்லேலா கோபிசந்த் 2001இல் ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்றவர். பிரகாஷ் படுகோனுக்குப் பின் அப்பட்டத்தைப் பெற்ற இரண்டாவது இந்தியர். அரசு நிலம் வழங்கியது. கட்டடம் எழுப்பப் பணம் போதவில்லை. தம் வீட்டையே அவர் அடமானம் வைத்தார். (கடன் அதிகாரி என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் சற்றே தயங்கியிருப்பேன்.) 2008இல் பயிற்சியகம் திறக்கப்பட்டது. 2012இல் இலண்டனில் சாய்னா நேவாலுக்கு வெண்கலம், 2016இல் ரியோவில் பி.வி. சிந்துவுக்கு வெள்ளி என அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் பதக்கங்கள் வந்தன.

அந்த ஆண்டுகளில் எல்லாம் அவர் கையில்தான் இருந்தது. பயிற்சித் திட்டம், உணவு, ஓய்வு அனைத்தையும் அவரே தீர்மானித்தார். ரியோவுக்கு முந்தைய மூன்று மாதங்கள் சிந்துவின் கைப்பேசியைக்கூட வாங்கி வைத்திருந்ததாக அவரே பின்னர் கூறினார். அப்போது அது பலன் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. புதிதாகத் தொழில் தொடங்கும் எவரும் இந்தக் கட்டத்தைக் கடந்தே வந்திருப்பர். சாவி, கல்லாப்பெட்டி, கணக்கேடு மூன்றும் ஒருவரிடமே இருக்கும் காலம் அது.

ஆனால் வெற்றி பெருகப் பெருக வீரர்களும் பெருகினர். ஒரே வாரத்தில் பலர் பல களங்களில் ஆட, தலைமைப் பயிற்சியாளர் ஒருவரே எல்லோர் பின்னாலும் எப்படி அமர முடியும்? 2017இல் இந்தோனேசியாவின் முல்யோ ஹண்டோயோ ஒற்றையர் பிரிவுக்கு வந்தார். 2004 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற தவ்பிக் ஹிதாயத்துடன் பணியாற்றியவர் அவர். அந்த ஆண்டில் ஸ்ரீகாந்த் நான்கு சூப்பர் சீரீஸ் பட்டங்களை வென்றார். 2019இல் கொரியாவின் கிம் ஜி ஹியுன் சிந்துவுடன் பணியாற்றினார். அதற்கு முன் தொடர்ந்து இரண்டு உலகப் போட்டி இறுதியாட்டங்களில் தோற்றிருந்த சிந்து, அந்த ஆகஸ்டில் பாசல் நகரில் ஒகுஹாராவை 21-7, 21-7 என 38 நிமிடங்களில் வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். கிம்மின் ஆலோசனையால் தம் ஆட்டத்தில் செய்துகொண்ட மாற்றங்களை அவர் வெளிப்படையாகவே பாராட்டினார். கிம் நாடு திரும்பியபின் மற்றொரு கொரியப் பயிற்சியாளரான பார்க் டே சாங் அப்பொறுப்பை ஏற்றார்.

2021இல் சிந்து, டோக்கியோவின் பெரிய அரங்கச் சூழலுக்குப் பழக வேண்டும் எனக் கூறி, பயிற்சியகத்தை விட்டு இதே கச்சிபௌலியின் உள்விளையாட்டரங்கில் பார்க்குடன் பயிற்சி செய்தார். இதழ்கள் பலவாறு எழுதின. டோக்கியோ செல்லப் பயிற்சியாளர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்பட்டபோது கோபிசந்த் தம் இடத்தை விட்டுக்கொடுத்தார். ஒற்றையருக்குப் பார்க்கும் இந்தோனேசியாவின் அகுஸ் சாந்தோசோவும், இரட்டையருக்கு டென்மார்க்கின் மத்தியாஸ் போவும் சென்றனர். சிந்து வெண்கலம் வென்றார். சாய் பிரணீத்தும் இரட்டையர் அணியும் முதற்சுற்றைத் தாண்டவில்லை. விட்டுக்கொடுத்தால் வெற்றி உறுதி என்று நான் கூறவில்லை என்பதற்காகவே இதையும் குறிப்பிடுகிறேன்.

அவர் விட்டுக்கொடுத்தது எதை என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பேட்மிண்டனில் ஒருவர் 11 புள்ளிகளை எட்டியதும் 60 விநாடி இடைவேளை. ஒரு ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு நிமிடம். களத்தின் பின்புறம் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அந்த நேரத்துக்குள் ஒன்றைத் தீர்மானித்துச் சொல்லியாக வேண்டும். ஹைதராபாத்தைக் கேட்டுச் சொல்ல அங்கே அவகாசம் இல்லை. வேலையை மட்டும் கொடுத்து முடிவைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் தலைவரால் அந்த நாற்காலியில் வேறொருவரை அமர்த்த இயலாது.

நான் அப்படிப்பட்ட மேலாளராகத்தான் இருந்தேன். வங்கியில் இதற்கு அதிகாரப் பகிர்வு என்று பெயர். இன்ன பதவியில் இருப்பவர் இவ்வளவு தொகை வரை தாமே ஒப்புதல் அளிக்கலாம் என்று எழுத்திலேயே வரம்பு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கிளையில் பணியாற்றியபோது, கல்விக்கடன் தவணையை விடுவிக்கும் அதிகாரம் என் துணை மேலாளருக்கு இருந்தது. ஆயினும், "என்னிடம் காட்டாமல் எதையும் விடுவிக்க வேண்டாம்" என்று அவரிடம் வாய்மொழியாகச் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்கு நான் சென்றிருந்த வேளையில், ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் மகனின் மதிப்பெண் பட்டியலையும் கட்டணக் கோரிக்கைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு இருமுறை வந்திருக்கிறார். எல்லாம் சரியாகவே இருந்தன. "மேலாளர் வரட்டும் ஐயா" என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது. கட்டண நாள் கடந்தது. அபராதத்தைவிட, மகனை அன்றைய உள்தேர்வுக்கு அனுமதிக்கவில்லை என்பதே அவரை வாட்டியது. அவர் என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். துணை மேலாளரைக் கடிந்துகொள்ளவும் என்னால் முடியவில்லை. அவர் என் சொற்படியே நடந்திருந்தார்.

எங்கள் வாடிக்கையாளர்களில் சிறு நிறுவனம் நடத்துவோர் பலர் இதற்கு நேர்மாறான தவற்றைச் செய்கின்றனர். நேரமின்மையால் கணக்காளரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, ஓடிபியையும் தொலைபேசியில் சொல்லிவிடுகின்றனர். இது பொறுப்பை ஒப்படைப்பது ஆகாது. செய்தவர் யார் என்ற தடயமே இல்லாமல் எல்லாம் உரிமையாளர் பெயரிலேயே பதிவாகும். நிறுவனங்களுக்கான இணைய வங்கிச் சேவையில் கணக்காளருக்குத் தனிப் பயனர் பெயர் பெறலாம். பதிவிடுபவர் ஒருவர், அனுமதிப்பவர் மற்றொருவர் என்று பிரிக்கலாம். பல வங்கிகளில் தொகை வரம்பும் வைக்கலாம். வரம்புக்குட்பட்டதை அவரே முடிக்கட்டும். மாத இறுதியில் அறிக்கையைப் படியுங்கள். நடுவில் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முக்கியப் பொறுப்புகளில் உள்ள வங்கி ஊழியர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் முன்னறிவிப்பின்றித் தொடர்ச்சியாக 10 வேலை நாட்களுக்குக் குறையாமல் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்நாட்களில் அலுவலக மின்னஞ்சல் தவிர வேறெதையும் அவர்கள் தொடக்கூடாது. முறைகேடுகளைக் கண்டறிய வகுத்த விதி என்றாலும், என்னைப் போன்றவர்களுக்கு அது வேறொன்றையும் காட்டிக்கொடுக்கும். சென்ற முறை விடுப்பு முடிந்து திரும்பியபோது, துணை மேலாளர் தாம் எடுத்த முடிவுகளை ஒரு தாளில் எழுதி என் மேசைமேல் வைத்திருந்தார். மொத்தம் பதினான்கு. அவற்றில் இரண்டை நான் வேறுவிதமாகச் செய்திருப்பேன். அந்த இரண்டின் கோப்புகளையும் வரவழைத்துப் படித்தேன். ஒன்றில் அவர் செய்ததே சரி.