கணினியும் எளிமையும்

கணினி எல்லோர்க்கும் எளிதாயிற்று என்பர். ஓரளவு உண்மையே. முன்னாளிற் கட்டளைச் சொற்களை மனனஞ் செய்து, எழுத்துப் பிழையின்றித் தட்டினாலன்றிப் பல கணினிகள் பணி செய்யா. 1984இல் வெளிவந்த மக்கின்ரொஷ், கோப்பு, குப்பைத்தொட்டி முதலியவற்றைச் சித்திரங்களாகத் திரையிற் காட்டிச் சாமானியர்க்கும் வழி திறந்தது.

ஆயினும், சித்திரம் மட்டும் போதுமா? அக்கணினியிலிருந்து நெகிழ்வட்டை வெளியே எடுக்க, அதன் சித்திரத்தைக் குப்பைத்தொட்டிக்கு இழுப்பது வழக்காயிற்று. எழுதியவை அழிந்துவிடுமோவென்று அஞ்சாதார் யார்? 1995இல் வந்த விண்டோஸ் 95இலோ, கணினியை நிறுத்துவதற்கும் 'தொடங்கு' எனப் பொருள்படும் பொத்தானையே நாடுமாறு அமைத்தனர். சொல் ஒன்று, செயல் வேறு! அதற்கும் மக்கள் பழகினர். 2012இல் விண்டோஸ் 8 அப்பொத்தானை நீக்கவே, பழகியோர் திகைத்தனர். மறுவருடம் அது மீண்டும் வந்தது.

சொல்லும் பொருளும் இசைதல், பழகிய நெறி பிறழாமை ஆகிய இவ்விரண்டுமே எளிமையின் இலக்கணம் என்பேன். இலக்கணங் கற்பிக்கும் யான் வகுப்பறையிற் காண்பதும் இதுவே. இவையில்லாவிடத்துத் தடுமாறும் மாணாக்கனை மந்தனென்று இகழ்தல் தகாது. நூலிலே வழுவிருக்கப் படிப்போனைப் பழித்தல் முறையாகுமோ?