விளையாட்டுப் பெட்டிக்குள் ஒரு வியாபாரியின் பாட்டு

பெட்டியில் துணிமணிகளைச் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்கும் வியாபாரி ஒருவன். அவனிடம் ஒரு பெண் பேரம் பேசுகிறாள். இப்படி ஒரு ரஷ்யப் பாட்டு உண்டு. 'கொரோபெய்னிகி' என்று பெயர். பெட்டி சுமந்து விற்பவர்கள் என்று பொருள். கவிஞர் நெக்ராசோவ் 1861இல் எழுதிய கவிதையிலிருந்து பிறந்தது.

நம் தொழில்காரனின் இந்தப் பாட்டு உலகமெங்கும் குழந்தைகளின் காதில் விழுந்தது ஒரு கையடக்க விளையாட்டுப் பெட்டி வழியாக. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1989இல் கொண்டுவந்த 'கேம் பாய்' அது. அமெரிக்காவில் அதனுடன் சேர்த்தே கொடுத்த 'டெட்ரிஸ்' விளையாட்டில் இந்த மெட்டை வைத்திருந்தார்கள்.

நிண்டெண்டோ 1889இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்து விற்கத் தொடங்கிய கடை. கேம் பாயை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான குன்பெய் யோகோய், புதுச் சரக்கின் பின்னால் ஓடாதவர். விலை மலிந்த, குறைநிறை தெரிந்த பழைய பாகங்களை வைத்தே புதுப் பொருள் செய்யலாம் என்பது அவர் கட்சி. வண்ணமில்லாத திரை, நான்கு டபுள்-ஏ பேட்டரி, அவ்வளவுதான். அதன் பின் வந்த வண்ண மாடலையும் சேர்த்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றது. சரக்கு அறிந்தவர் என்று நாம் சொல்வது இப்படிப்பட்டவரைத்தான்.

அந்தப் பெட்டிக்குள் ஒலிக்கு நான்கே குரல்கள். இரண்டு மெட்டு வாசிக்க, ஒன்று அலையை நாமே வரைந்து கொள்ள, ஒன்று தாளத்துக்கான வெறும் இரைச்சல். இதைக் கொண்டே சொந்தமாகப் பாட்டு அமைக்க 1998இல் ஜெர்மனியின் ஆலிவர் விட்சோவ் 'நானோலூப்' என்ற கார்ட்ரிட்ஜைச் செய்தார். 2000இல் ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி 'லிட்டில் சவுண்ட் டிஜே' செய்தார். விளையாட்டுச் சாமான் வாத்தியமாகி மேடை ஏறியது. விற்றவர் நினையாத உபயோகத்தை வாங்கியவர் கண்டுபிடிப்பது நமக்குப் புதிதல்ல.

இங்கேதான் சிக்கல். பேட்டரி வைத்த கார்ட்ரிட்ஜில் அமைத்த பாட்டு, உள்ளே இருக்கும் ஒரு பட்டன் செல்லின் தயவில் நிற்கிறது. செல் தீர்ந்தால் பாட்டு போயிற்று. பல வருஷக் கணக்கை ஒரே பேரேட்டில் எழுதி, கரையான் ஏறும் பரணில் போட்டு வைத்தது போல. ஆகவே பாட்டை வெளியே எடுத்துப் பதிவு செய்தாக வேண்டும். கார்ட்ரிட்ஜின் நினைவை மட்டும் கருவி கொண்டு நகல் எடுக்கலாம். ஆனால் பெட்டிக்குப் பெட்டி ஒலி மாறும். தன் பெட்டியில் கேட்ட அதே ஒலி வேண்டும் என்பவருக்குப் பதிவுதான் வழி.

பெட்டியின் ஸ்பீக்கர் எதிரே மைக்கைப் பிடிப்பது வீண் வேலை. ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, அதுவும் சிறியது; இடம் வலம் தெரியாது. ஹெட்போன் துளையில் இரண்டும் தனித்தனியே வருகிறது. இரு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின் உள்ள வயர் போதும். நம்மில் எலெக்ட்ரிக் சாமான் வைத்திருப்பவர்கள் கடையில் தொங்கும் சரக்குதான் இது. கேட்டு வருபவருக்கு ஒற்றைக் கோடு போட்ட மோனோ பின்னை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. ஸ்டீரியோ பின்னில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும்.

மறுமுனையைக் கம்ப்யூட்டரிலோ ரிக்கார்டரிலோ 'லைன் இன்' துளையில் செருக வேண்டும். மைக் துளையில் செருகினால் ஒலி உடைந்து கரகரக்கும். மைக்கின் மெல்லிய ஒலிக்காக அமைந்த துளை அது. இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது, பழி வயர் விற்ற கடைக்காரர் மேல் விழுகிறது. லைன் இன் இல்லாத மடிக் கம்ப்யூட்டருக்கு, அத்துளை உள்ள சிறு யுஎஸ்பி ஒலிப்பெட்டி வாங்கச் சொல்லலாம்.

பதிவின்போது பெட்டி பேட்டரியில் ஓடட்டும். மின் அடாப்டர் போட்டால் 'உம்' என்ற இரைச்சல் சேர்ந்துவிடும். பாட்டின் மிகச் சத்தமான இடத்தை முதலில் ஓட்டி, பதிவு முள் சிவப்பைத் தொடாதபடி அளவு வைத்துக்கொண்டு பிறகு தொடங்க வேண்டும். அப்படியும் பின்னணியில் மெல்லிய சீழ்க்கை கேட்கும். பெட்டியின் உள் வேலைச் சத்தம் அது. அதைக் குறைக்க, உள்ளே ஒலி பெருக்கப்படுவதற்கு முன்னரே வயர் பற்றவைத்துத் தனித் துளை போட்டுக்கொள்கிறார்கள். கை தேர்ந்தவர் செய்ய வேண்டியது அது.

தடித்த ஒலி முதல் மாடலில்தான் கனமாக வருகிறது என்பது இதில் ஊறியவர்களின் எண்ணம். 2003இல் வந்த 'அட்வான்ஸ் எஸ்பி' மாடலில் ஹெட்போன் துளையே கிடையாது. தனியாக ஓர் இணைப்பான் வாங்க வேண்டும். பழைய பெட்டி வாங்கி விற்பவர்கள் இதைப் பார்த்து விலை சொல்வது நல்லது.

பட்டன் செல்லை மாற்றித் தரச் சொல்லி வருபவரிடம் ஒன்று கேட்டுவிடுவது முறை: உள்ளே இருப்பதைப் பதிவு செய்தாயிற்றா? செல் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றினால் நினைவும் அழிந்துவிடும்.