காரின் ஆட்டமும் நம் சொல்லும்

‘ஆடு’ என்னும் வினைச்சொல்லுக்குத் தமிழில் உள்ள ஆட்சி வியப்புக்குரியது. கூத்தன் ஆடுகிறான், தொட்டில் ஆடுகிறது, தளர்ந்த பல்லும் ஆடுகிறது. நீராடுகிறோம், உரையாடுகிறோம், போராடுகிறோம். வகுப்பறையில் இவ்விரிவை எடுத்துக்காட்டி மகிழ்வது ஆசிரியர்க்கு இயல்பு. ஆனால், இதே விரிவு கார்ப் பட்டறையில் எத்துணை இடர் விளைக்கும் என்பதைப் பத்து காஜாவில் ஒரு நண்பரால் அறிந்தேன்.

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பத்தில் பிறந்தவர். திங்கள்தோறும் மகளைக் காணக் கோலாலம்பூருக்குத் தம் பன்னிரண்டாண்டுப் பழைய சிறு காரில் செல்வார். கெல்லி மாளிகையைக் கடந்து கோப்பெங் சென்று நெடுஞ்சாலையில் ஏறுவது அவர் வழக்கம். ஊருக்குள் ஒழுங்காக ஓடும் கார், நெடுஞ்சாலையில் தொண்ணூறைத் தாண்டியதும் அடங்காது. பட்டறையில் “கார் ஆடுது” என்றார். சக்கரங்களுக்குப் பேலன்சிங் செய்தனர். மீண்டும் “ஆடுது” என்றார், அலைன்மெண்ட் பார்த்தனர். மூன்றாம் முறை முன்புறத்துக்கு இரண்டு புதிய டயர்கள் வந்தன. பணம் போயிற்று, ஆட்டம் போகவில்லை. ஒரு நாள் மழையில், தாப்பாவைக் கடந்து ஒரு லாரியை முந்துகையில், கார் தானே விலகிக் கோட்டைத் தொட்டு மீண்டது. அன்றிலிருந்து அவர் மனைவி அந்தக் காரில் ஏற மறுத்துவிட்டார்.

பிறகு ஒரு சிறு பட்டறையின் முதிய மெக்கானிக்கிடம் போனார். அவர் கருவி எதையும் எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: “சார், உங்க கை ஆடுதா, கார் ஆடுதா?”

நோயறிதல் முழுவதும் இக்கேள்வியில் அடங்கியிருக்கிறது. நாம் ‘ஆடுது’ என்று ஒரே சொல்லால் குறிப்பவை உண்மையில் நான்கு வேறு நோய்கள். முதலாவது, கையில் ஸ்டீரிங் அதிர்வது. இதனை நடுக்கம் என்போம். இரண்டாவது, கார் ஒரே பக்கமாகச் செல்வது, இஃது இழுப்பு. மூன்றாவது, ஸ்டீரிங்கைச் சற்றே திருப்பினாலும் கார் கேளாததுபோல் இருந்து, பிறகு காலந்தாழ்த்தித் திரும்புவது. நேர்சாலையிலும் ஓட்டுநர் இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு அலைவு என்னும் சொல் பொருந்தும். நான்காவது இதன் மறுதலை: விரலசைவுக்கும் கார் வெடுக்கென்று பாயும். கண் துடிக்கிறது என்கிறோமே, அதுபோன்ற துடிப்பு இது.

இவ்வேறுபாட்டை மேலைநாட்டாரும் தொடக்கத்திலேயே உணர்ந்து பெயரிட்டனர். 1925ல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புருலியே இப்பொருள் பற்றி எழுதிய ஆய்வின் தலைப்பிலேயே இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று ‘ஷிம்மி’, தோளைக் குலுக்கி ஆடும் அக்கால நடனத்தின் பெயர் அது. மற்றொன்று, வாத்துப்போல் அசைந்து நடப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். நடனமும் வாத்து நடையும்! பட்டறைப் பேச்சிலிருந்து கலைச்சொல் பிறப்பது இழுக்கன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை. (இலங்கைத் தமிழர் ஸ்டீரிங்கைச் சுக்கான் என்று எழுதுவதுண்டு. கப்பலுக்குரிய சொல் காருக்கும் நன்றாகவே பொருந்துகிறது. நம் நாட்டுப் பட்டறைகளில் வழங்குவது ஸ்டீரிங்கே ஆதலால் இங்கு அதனையே கொள்கிறேன்.)

அதே ஆய்வில் புருலியே மற்றோர் உண்மையையும் விளக்கினார். ரப்பர் டயர் தான் நோக்கும் திசையிலேயே செல்வதில்லை. பக்கவாட்டில் விசை தாக்கும்போது, தரையைத் தொடும் பகுதி சற்றே முறுக்குண்டு, நோக்கும் திசைக்கும் செல்லும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் உண்டாகிறது. சறுக்கல் என்று நாம் அஞ்சுவது இதுவன்று; ஒவ்வொரு திருப்பத்திலும் ஒவ்வொரு டயரிலும் நிகழ்வதே. பின்னர் 1930களில், ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சென்றிருந்த மாரிஸ் ஆலி என்பவரின் குழுவினர் இதனை விரித்தாய்ந்தனர். அவ்வாய்வுகளிலிருந்து தேர்ந்த முடிபைச் சுருக்கமாகக் கூறலாம். முன் டயர்களின் கோணம் மிகுந்தால் கார் திரும்பத் தயங்கும். பின் டயர்களின் கோணம் மிகுந்தால் வால் வெளியே சென்று, கேட்டதைவிட மிகுதியாகத் திரும்பும். ஆகவே அலைவு கண்டால் முதலில் முன்னே பார்க்க வேண்டும்; துடிப்புக் கண்டால் முதலில் பின்னே பார்க்க வேண்டும். விலக்குகள் உண்டு, அவற்றைப் பின்னர்க் காண்போம்.

ஊருக்குள் தோன்றாத நோய் நெடுஞ்சாலையில் மட்டும் தோன்றுவது ஏன்? அதற்குக் கணக்கே விடை. நெடுஞ்சாலையின் உச்ச வேகமாகிய மணிக்கு 110 கி.மீ. என்பது விநாடிக்கு ஏறத்தாழ முப்பதரை மீட்டர். கார் ஒரே ஒரு பாகை விலகிச் சென்றால், ஒரு விநாடியில் அரை மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். தடத்தில் காருக்கு இருபுறமும் எஞ்சுவது சுமார் ஒரு மீட்டரே. அன்றியும், ஒரே அளவு வளைவில் திரும்பும்போது எழும் பக்கவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மிகும். 40 கி.மீ. வேகத்தில் இருந்ததைவிட 110ல் அஃது ஏழரை மடங்கு. ஈப்போவிலிருந்து சங்காட் ஜெரிங் வரையிலான பகுதி 1987ல் திறக்கப்பட்டது; வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதும் 1994ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஊர் ஊராக நின்று சென்ற பழைய சாலையில் இந்நோய்கள் பெரும்பாலும் மறைந்தே கிடந்திருக்கும்.

இனி அலைவின் காரணங்கள். முதலாவதும் எளியதும் முன் டயரில் காற்றுக் குறைவது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய தாளில் உரிய அளவு இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். அடுத்தது ‘டை ராட் எண்ட்’ என்னும் மூட்டுகளின் தேய்வு. எஞ்சினை ஓடவிட்டு, நின்ற நிலையில் ஸ்டீரிங்கை இலேசாக இடமும் வலமும் அசைத்து, டயர் எப்போது நகரத் தொடங்குகிறது என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுக. ஸ்டீரிங்கின் விளிம்பு பெருவிரல் அகலத்துக்கு மேல் வெறுமையாக அசைந்தால் எங்கோ தளர்ச்சி உண்டு என்று கொள்ளலாம்.

மூன்றாவது, ‘காஸ்டர்’ கோணம். பேரங்காடித் தள்ளுவண்டியின் சிறு சக்கரத்தை நோக்குக. அது சுழலும் அச்சுக்குப் பின்னே தரையைத் தொடுவதால், தள்ளும் திசையிலேயே தானாக நிமிர்ந்துகொள்கிறது. காரின் முன் சக்கரம் திரும்பும் அச்சும் இவ்வாறே, மேல்முனை பின்னோக்கிச் சில பாகை சாய்ந்திருக்கும். திருப்பத்துக்குப் பின் ஸ்டீரிங் தானே நேராவது பெரிதும் இதனாலேதான். குழியிலோ சாலையோரக் கல்லிலோ சக்கரம் பலமாக மோதி இச்சாய்வு குறைந்தால், ஸ்டீரிங் இலேசாகி நடுநிலை உணர்வை இழக்கும். பல சிறு கார்களில் இக்கோணத்தைத் திருகித் திருத்த இயலாது. வளைந்த உறுப்பையே மாற்ற வேண்டும். காரின் பின்புறம் மிகுந்த சுமை ஏற்றினாலும் அலைவு தோன்றும். மிதிவண்டியின் பின்னே கனத்த பால் தோம்பைக் கட்டி ஓட்டியவர்களுக்கு, முன் சக்கரம் எவ்வாறு ‘பிடிமானம்’ இழக்கும் என்பதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

முதல் விலக்கு இங்கு வருகிறது. மூட்டு தளர்ந்தால் மட்டுமன்று, இறுகினாலும் கார் அலையும். ஸ்டீரிங் தண்டின் இணைப்போ, கீழே உள்ள ‘பால் ஜாயிண்ட்’டோ துருவேறி இறுகினால், ஸ்டீரிங் விட்ட இடத்திலேயே நின்றுவிடும். ஓட்டுநர் திருத்த முயல்வார், இறுக்கம் விடும்போது அளவு மிஞ்சும், மறுபுறம் திருத்துவார். தளர்ச்சியைத் தேடும் கண்ணுக்கு இது தென்படாது. வெறுமையான இடத்தில் மெதுவாகத் திருப்பிக் கையைத் தளர்த்தினால், ஸ்டீரிங் நடுவுக்குத் திரும்ப மறுப்பதைக் கொண்டு அறியலாம்.

துடிப்புக்கு வருவோம். பின் டயரில் காற்றுக் குறைவு, முன் டயரில் காற்று மிகுதி, இவ்விரண்டையும் முதலில் நோக்குக. ஒரே குறைபாடு முன்னே இருந்தால் அலைவாகவும் பின்னே இருந்தால் துடிப்பாகவும் வெளிப்படுவதே இவ்வியலின் சுவை. அடுத்தது ‘டோ’. நிற்கும்போது நம் கால்விரல்கள் உள்நோக்குவதும் வெளிநோக்குவதும் போல, சக்கரங்களின் முன் விளிம்புகள் நோக்கும் திசையே அது. பின் சக்கரங்கள் வெளிநோக்கியிருப்பது தீங்கானது. கார் வலப்புறம் திரும்பும்போது எடை இடப்பக்கச் சக்கரத்தில் விழும். அச்சக்கரம் இடப்புறமாக நோக்கியிருந்தால் காரின் பின்பகுதியை இடப்புறமாகத் தள்ளும். கார் மேலும் வலப்புறம் பாயும். இரண்டாம் விலக்கும் இதுவே: முன் சக்கரங்கள் வெளிநோக்கினாலும் கார் அமைதியிழந்து, மேடுபள்ளந்தோறும் பக்கத்துக்குப் பக்கம் தாவும். இளைஞர் சிலர் அகன்ற ‘ஸ்போர்ட் ரிம்’ பூட்டி, ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துகின்றனர். தாழ்த்துவதால் இக்கோணங்கள் யாவும் மாறும். அகன்ற டயரோ, லாரிகள் இடத்தடத்தில் அழுத்திய சக்கரத் தடங்களைப் பற்றிக்கொண்டு ஓடும். அழகு அவரவர் விருப்பம். ஆனால் கார் துடிக்கிறதென்று பிறகு வியப்பதில் பொருளில்லை.

டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் அரம்போலவும் இருந்தால் ‘டோ’ பிழைத்திருக்கிறது. அலைன்மெண்ட் செய்தால் நான்கு சக்கரங்களின் அளவும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குக. முன் சக்கரங்களை மட்டும் திருத்திவிட்டு முடிந்தது என்பார்கள். பின் சக்கர எண்கள் சிவப்பாக இருப்பதை அந்தத் தாள் மறைக்காது. காருக்கடியில் பார்ப்பதாயின் ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் நுழையாதீர்கள். லாரி, பேருந்து ஆகியவற்றுக்கு உள்ள ஆறு மாதப் பரிசோதனை நம் சொந்தக் கார்களுக்கு இல்லாமையால், பழைய காரைச் சோதிக்கும் முதல் அதிகாரி அதன் ஓட்டுநரே.

நண்பரின் காருக்கு என்ன நேர்ந்தது? “கை ஆடல தம்பி, காருதான். பின்னால யாரோ புடிச்சித் தள்ளுற மாதிரி இருக்கு,” என்று அவர் சொன்னதும், மெக்கானிக் முன்புறத்தைத் தொடவே இல்லை. காரைத் தூக்கிப் பின் அச்சைக் கடப்பாரையால் நெம்பினார். அச்சைக் காரின் உடலோடு பிணைக்கும் இரண்டு ‘புஷ்’களில் ஒன்று வெடித்துப் பிளந்திருந்தது. அதனால் பின் அச்சு முழுவதும் தன் விருப்பம்போல் நகர்ந்து, பின்னிருந்தே காரைத் திருப்பியிருக்கிறது. புஷ் என்பது வேறொன்றுமில்லை. இரும்பு வளையத்துள் வார்த்த ரப்பர். வெப்பமும் காற்றும் பல்லாண்டு தாக்கினால் ரப்பர் வெடிக்கும் என்பதைப் பால்மரக் காட்டில் வளர்ந்தவர் அறியாதவரல்லர். காருக்கடியில் அதனைத் தேடத் தோன்றவில்லை, அவ்வளவே.

இரண்டு புஷ்களும் மாற்றப்பட்டன. முன்னே பூட்டியிருந்த புதிய டயர்களைப் பின்னுக்கும், பாதி தேய்ந்த பின் டயர்களை முன்னுக்கும் மாற்றினார் மெக்கானிக். மழையில் தேய்ந்த டயர் பின்னே இருந்தால், தண்ணீரில் மிதந்து வால் சுழலும். டயர் தயாரிப்பாளர்களும் புதியவற்றைப் பின்னே பூட்டவே சொல்கின்றனர். அடுத்த திங்களில் மனைவியும் உடன் சென்றார். தாப்பா வரையில் ஒரு சொல்லும் பேசாமல் சாலையையே பார்த்திருந்தவர், பீடோர் கடந்ததும் உறங்கிவிட்டாராம்.