எலிக்கு வைத்த பரீட்சை

புதிர்ப்பாதை ஒன்றில் எலியை விட்டால் அது அங்குமிங்கும் முட்டி மோதி வழியைக் கண்டுபிடித்துவிடும். மறுநாளும் அதே பாதையில் விட்டால் முன்பைவிடக் குறைவாகவே தடுமாறும். ஓர் இயந்திரம் இப்படிக் கற்றுக்கொள்ளுமா? அதைச் சோதிப்பதுதான் 'மைக்ரோமவுஸ்' எனப்படும் ரோபோ எலிப் போட்டி.

1977ஆம் ஆண்டில் 'ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம்' என்ற அமெரிக்கப் பொறியியல் இதழ் இப்போட்டியை அறிவித்தது. இறுதிச் சுற்று 1979இல் நியூயார்க் நகரில் நடந்தது. முடிவு என்ன தெரியுமா? பாதையைக் கற்றுக்கொள்ளும் எலிகளை, எதையும் கற்காத ஓர் எலி வென்றுவிட்டது! அது சுவரை ஒட்டியே விரைந்து ஓடியது. வெளியேறும் வாயில் புதிர்ப்பாதையின் ஓரத்தில் இருந்ததால் அதுவே போதுமானதாயிற்று. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்கு வந்துவிடுகிறோம் அல்லவா, அதைப் போலத்தான்.

குறை எலியிடம் இல்லை, கேள்வித்தாளில் இருந்தது. 1980இல் ஐரோப்பாவில் இப்போட்டியை நடத்திய இங்கிலாந்துப் பேராசிரியர் ஜான் பில்லிங்ஸ்லி, இலக்கைப் புதிர்ப்பாதையின் நடுவுக்கு மாற்றினார். நடுப்பகுதியைச் சூழ்ந்த சுவர்கள் வெளிச்சுவரோடு ஒட்டாமல் தனித்து நின்றால், சுவரோர எலி வெளியிலேயே சுற்றிச் சுற்றி வரும். இலக்கை அடைய இனிச் சிந்தித்தே ஆகவேண்டும்!

எலி எப்படிச் சிந்திக்கிறது? புதிர்ப்பாதையில் 16 × 16 = 256 கட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 18 செ.மீ. சதுரம். எலி ஒரு மூலையிலிருந்து புறப்படும். நடுவிலுள்ள நான்கு கட்டங்களே இலக்கு. அவற்றுக்கு 0 என்று எண் கொடுங்கள். அடுத்துள்ள கட்டங்களுக்கு 1, அவற்றுக்கும் அடுத்தவற்றுக்கு 2 என்று தொடருங்கள். சுவரே இல்லை என்று கொண்டால் மூலைக் கட்டத்தின் எண் 14. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு நகர்ந்தால் இலக்கு வந்துவிடும். வழியில் அகச்சிவப்பு உணரிகள் ஒரு சுவரைக் காட்டினால், எலி அதைக் குறித்துக்கொண்டு எண்களை மறுபடியும் கணக்கிடும். முட்டுச்சந்தில் நுழைந்ததுகூட வீணில்லை. அதுவும் நினைவகத்தில் ஏறிவிடும். இப்படித் தேடி அறிந்த பிறகு, மிகச் சிறந்த வழியில் முழு வேகத்தில் ஓடும்.

வேகம் என்றதும் இயற்பியல் வந்துவிடுகிறது. திருப்பத்தில் எலி வழுக்குவது ஏன்? வளைந்து செல்லத் தேவையான மையநோக்கு விசையைத் தருவது தரையின் உராய்வு. எலியின் நிறையைக் கூட்டினால் உராய்வு கூடும். ஆனால் தேவைப்படும் விசையும் அதே விகிதத்தில் கூடிவிடும். ஆகவே சில எலிகளுக்குச் சிறிய விசிறி பொருத்துகிறார்கள். அது எலியின் அடியிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றுவதால், எலி தரையோடு அழுத்தப்படுகிறது. நிறை அதிகம் கூடாமலே உராய்வு கூடுகிறது! மனப்பாடம் செய்த சமன்பாடு இங்கே கைக்கு உதவுகிறது.

ஆனால் கடையில் ஆயத்தக் கருவிப் பெட்டியை வாங்கி, யாரோ எழுதிய நிரலை அப்படியே ஏற்றிப் பரிசு பெற்றால் என்ன கற்றோம்? அந்தச் சுவரோர எலிக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. கற்பவருக்கே வெற்றி கிடைக்குமாறு விதிகளை வகுப்பது போட்டி நடத்தும் ஆசிரியர்களின் பொறுப்பு.

ரோபோ இல்லையே என்று வருந்த வேண்டாம். கட்டம் போட்ட தாளில் 8 × 8 கட்டங்களை வரையுங்கள். நண்பர் ஒருவர் தம் தாளில் சுவர்களை வரைந்து மறைத்து வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் நிற்கும் கட்டத்தின் சுவர்களை மட்டுமே அவர் சொல்ல வேண்டும். எண்களை எழுதி, அழித்து, திருத்தி, நடுவை அடைந்து பாருங்கள். பென்சிலும் ரப்பரும் போதும், எலி நீங்கள்தான்!